அத்தியாயம் 6: நிக்ஸி குழாய்க்கு ஃபுட்பிரிண்ட் வரைவது

கொல்கத்தாவில் நிக்ஸி கடிகாரம் செய்யக் கிளம்புகிறவருக்குப் பாதி வேலை சாந்தினி சவுக்கிலும் மேடன் ஸ்டிரீட்டிலும் முடிந்துவிடும். ரெசிஸ்டர், கண்டென்சர், ஐசி பேஸ், காப்பர் போர்டு, பெர்ரிக் குளோரைடு, பிளக்ஸ் என்று பட்டியலோடு போனால் பை நிறைய வரலாம். குழாய் மட்டும் அங்கே கவுன்டரில் கேட்டு வாங்கும் சரக்கல்ல. பழைய பிரீக்வன்சி கவுன்டரையோ டிஜிட்டல் வோல்ட்மீட்டரையோ யாராவது காயலான் கடைக்குப் போடும்போது கண்ணில் பட்டால் உண்டு. இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கும் சோவியத் காலத்து ஐஎன்-12, ஐஎன்-14 குழாய்கள்தான். இந்த அத்தியாயம் அந்த இரண்டையும் வைத்தே போகிறது.

குழாய் எப்படி வேலை செய்கிறது என்பதை முன்பே பார்த்துவிட்டோம். நியான் நிரப்பிய கண்ணாடிக்குள் எண் வடிவக் கம்பிகள் பத்து, அவற்றின் முன்னால் வலைபோல ஓர் ஆனோடு. சுமார் 170 வோல்ட் கொடுத்ததும் பூமிக்கு இணைத்த எண்ணைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் வாயு ஒளிரும். அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955-ல் சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கு இது. வாயு ஒளிர்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1949-ல் ரேடியோ இயற்பியல் துறையை நிறுவிய சிசிர் குமார் மித்ரா, மின்னிறக்கத்துக்குப் பிறகும் நைட்ரஜன் ஏன் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது என்று பல ஆண்டு ஆராய்ந்தவர். அந்தப் பரம்பரையில் நாமும் ஒரு ஓரமாக நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு காலிப்பரை எடுக்கலாம்.

எடுக்க வேண்டியது காலிப்பரைத்தான், மவுஸை அல்ல. இணையத்தில் யாரோ வரைந்த ஃபுட்பிரிண்ட் கிடைக்கும். அது அவர் கையிலிருந்த குழாய்க்கோ, அவர் வாங்கிய சாக்கெட்டுக்கோ வரைந்தது. ரெசிஸ்டர், ஐசி போன்றவற்றுக்கு அது பரவாயில்லை. ஒரு பிழை நேர்ந்தால் போர்டு போகும், பாகம் மிஞ்சும். இங்கே நிலைமை தலைகீழ். ஐஎன்-14-இன் மெல்லிய கம்பிக் கால்களைத் தவறான துளைகளுக்குள் வளைத்து நுழைத்து, பிறகு சால்டர் உறிஞ்சிப் பிடுங்கினால் கண்ணாடிக்குள் கம்பி நுழையும் இடத்தில் விரிசல் விடும். காற்று உள்ளே போனதும் குழாய் செத்தது. மறுபடி தயாரிக்காத பாகத்துக்குப் போர்டுதான் ஒத்துப்போக வேண்டும்.

அளப்பது

ஐஎன்-12-க்கு அடியில் விறைப்பான பின்கள் 12, எல்லாம் ஒரே உயரம். அதனால் அதை அளக்க எளிய வழி ரப்பர் ஸ்டாம்ப்புக்கான மைப்பட்டை. பின்களை மைப்பட்டையில் மெதுவாகத் தொட்டு, கிராஃப் தாளில் நேராக அழுத்துங்கள். 12 புள்ளிகள் விழும். மேலிருந்து பார்க்கும்போது தாளில் தெரிகிற அந்த அமைப்புதான் போர்டின் பாகப் பக்கத்தில் வரவேண்டிய அமைப்பு. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் பின்களைக் கண்ணாடிமேல் வைத்து 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்வதுண்டு. ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 23.6 பிக்சல் கிடைப்பதால் அளவு நன்றாகவே வரும். ஆனால் ஸ்கேனர் கீழிருந்து பார்க்கிறது. ஆகவே அதில் கிடைப்பது கண்ணாடிப் பிம்பம். ஸ்டாம்ப் முறையும் ஸ்கேன் முறையும் எதிரெதிர் படம் தரும் என்பதைத் தாளின் மேலேயே எழுதி வையுங்கள். இரண்டு தாளும் மேசையில் கிடக்கும்போது எது எதென்று ஒரு வாரம் கழித்து ஞாபகம் இருக்காது.

காலிப்பரால் சரிபார்க்கும்போது மையத்திலிருந்து மையத்துக்கு அளக்க முயலாதீர்கள், கண் ஏமாற்றும். இரண்டு பின்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, ஒரு பின்னின் விட்டத்தைக் கழித்தால் மைய தூரம் வந்துவிடும். பக்கத்துப் பக்கத்துப் பின்களை அளந்து கூட்டிக்கொண்டே போனால் சிறுபிழை சேர்ந்துகொண்டே போகும். எதிரெதிர்ப் பின்களை அளப்பதே நம்பகமானது.

ஐஎன்-14 வேறு சாதி. ஆனோடு, பத்து எண்கள், இரண்டு தசமப் புள்ளிகள் என்று 13 கம்பிகள், நீளமாக, மென்மையாக. கம்பியின் நுனியை அளப்பதில் பயனில்லை. தபாலில் வந்தபோதே அது எப்படியெல்லாமோ வளைந்திருக்கும். கண்ணாடியை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் அளக்க வேண்டும். சில குழாய்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வட்டு கூடவே வரும். அது இருந்தால் அதன் துளைகளை அளந்தாலே போதும், கம்பிகளை அவை சரியான இடத்தில் பிடித்துவைத்திருக்கும்.

எந்தப் பக்கம் பார்த்து எண்ணுவது

டேட்டாஷீட்டில் குழாயின் கால் படத்தைக் கீழிருந்து பார்த்தபடி போடுவது வால்வு காலத்துப் பழக்கம். கீழிருந்து பார்த்தால் எண்கள் கடிகாரச் சுற்றில் ஓடும். பிசிபி மென்பொருளில் நாம் வரைவதோ மேலிருந்து. ஆகவே திரையில் எண்கள் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் ஓட வேண்டும். டிஐபி ஐசியின் கால்களை மேலிருந்து எண்ணும்போதும் எதிர்ச்சுற்றுதானே? இரண்டும் ஒரே வழக்கம், பார்க்கும் பக்கம்தான் வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் குழம்பாது.

கணக்குப் போட்டு ஆயங்களைத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. கைகேட் மென்பொருளில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளர்கிறது. பள்ளிக்கூடக் கணக்கின்படி கோணத்தை ஏற்றிக்கொண்டே போய், ஆரத்தைக் கொசைனால் பெருக்கி எக்ஸ், சைனால் பெருக்கி ஒய் என்று போட்டால், தாளில் எதிர்ச்சுற்றாக வரவேண்டியது திரையில் கடிகாரச் சுற்றாக வரும். ஒய்-க்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள். கீழிருந்து பார்த்த படத்தை அப்படியே நகலெடுத்து, இந்த அச்சுப் பிழையும் சேர்ந்து, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான ஃபுட்பிரிண்ட் வந்துவிடுவதும் உண்டு. அது அதிர்ஷ்டம். அடுத்த குழாய்க்கு அதே வழியில் போனால் கை கொடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

தவறு நேர்ந்ததா என்பதை ஐஎன்-12-இல் கண்டுபிடிப்பது வேடிக்கையான விஷயம். அதன் 1-ஆம் பின் ஆனோடு. 2-இல் 0, 3-இல் 9, 4-இல் 8 என்று இறங்கி 11-இல் 1. 12-ஆம் பின், புள்ளியுள்ள ஐஎன்-12பி வகையில் தசமப் புள்ளி. நீங்கள் ஆனோடைச் சரியாகப் பிடித்து, மற்ற எண்களை எதிர்த்திசையில் ஓட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 3-ஆம் பின்னும் 11-ஆம் பின்னும் இடம் மாறும், 4-ம் 10-ம் மாறும், 7 மட்டும் தன் இடத்திலேயே நிற்கும். விளைவு, 1 கேட்டால் 9 எரியும். 2 கேட்டால் 8, 3 கேட்டால் 7. 5 மட்டும் 5-ஆகவே எரியும். கேட்ட எண்ணும் வந்த எண்ணும் சேர்ந்து 10 ஆனால் சந்தேகமே வேண்டாம், ஃபுட்பிரிண்ட் கண்ணாடியில் திரும்பிவிட்டது. 0 கேட்டால் புள்ளி எரியும். புள்ளியில்லாத ஐஎன்-12ஏ வகையில் ஒன்றுமே எரியாது. மைக்ரோகன்ட்ரோலர் ஓட்டும் கடிகாரமாக இருந்தால் 1 முதல் 9 வரை நிரலில் ஓர் அட்டவணை மாற்றிச் சரிசெய்துவிடலாம். 0-க்கு மட்டும் ஒரு ஜம்பர் கம்பி போட்டாக வேண்டும்.

(ஐஎன்-12-இல் 5 என்பது தலைகீழாகக் கவிழ்த்த 2. குழாயைத் தலைகீழாகப் பொருத்திவிட்டோமோ என்று முதல் முறை பார்ப்பவர் பயப்படுவார். பயப்பட வேண்டாம், தயாரிப்பே அப்படித்தான்.)

முகத்தையும் மறக்கக் கூடாது. ஐஎன்-12-ஐ உச்சியிலிருந்து பார்க்கிறோம், ஐஎன்-14-ஐப் பக்கவாட்டில். பக்கவாட்டில் பார்க்கும் குழாய் போர்டில் சரியாக உட்கார்ந்து, எண் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பயன்? கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்து, முன்பக்க வலைக்குப் போகும் கம்பி எது என்று கண்டுபிடியுங்கள். அதுதான் ஆனோடு. பிறகு எண் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை ஒரு அம்புக்குறியாக ஃபுட்பிரிண்ட்டின் வெள்ளை அச்சில் போடுங்கள். குழாய் நின்றபின் மறையாமல், அதன் வட்டத்துக்கு வெளியே வரும்படி போடுங்கள்.

பேடு, துளை, இடைவெளி

எண்களை வைத்துப் பார்ப்போம். கால்கள் 12 மி.மீ. விட்ட வட்டத்தில், 13 சம இடங்களில் இருக்கின்றன என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழாயின் அளவு வேறாக இருக்கும், கணக்கு இதேதான். அடுத்தடுத்த கால்களின் மைய தூரம், 12-ஐ 13.85 டிகிரியின் சைனால் பெருக்கினால் 2.87 மி.மீ. கம்பி 0.5 மி.மீ. என்றால் முடிந்த துளை 0.8 மி.மீ. வேண்டும். துளைக்குள் செப்பு பூசும்போது அது கொஞ்சம் குறுகும் என்பதால் நான் குறிப்பிடுவது எப்போதும் முடிந்த அளவுதான். பேடு 1.5 மி.மீ. வைத்தால் இரண்டு பேடுகளுக்கு நடுவே 1.37 மி.மீ. மிஞ்சும். 1.8 மி.மீ. வைத்தால் 1.07.

இப்போது வோல்ட்டேஜுக்கு வருவோம். ஐபிசி-2221 தரப்படி, மேற்பூச்சில்லாத வெளிக் கடத்திகளுக்கு நடுவே 171 முதல் 250 வோல்ட் வரை 1.25 மி.மீ., 51 முதல் 100 வோல்ட் வரை 0.6 மி.மீ. இடைவெளி வேண்டும். குழாய் பற்றுவதற்கு முன் ஆனோடில் நிற்பது சப்ளையின் முழு 170–180 வோல்ட். அணைந்திருக்கும் கேத்தோடுகளுக்கும் எரிகிற கேத்தோடுக்கும் நடுவே இருப்பதோ 100-க்குக் கீழ்தான். எனவே கேத்தோடுகளுக்கு 1.8 மி.மீ. பேடு தாராளம். ஆனோடுக்கும் அதன் இரு பக்கத்துக்கும் மட்டும் 1.5-ஆகக் குறைக்கவோ, பக்கத்துப் பேடை விட்டு விலகும் நீள்வட்டமாக்கவோ வேண்டும். எல்லாக் காலுக்கும் ஒரே பேடு போடுவது அழகாக இருக்கும். அழகு பார்க்கிற இடம் இதுவல்ல.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. இரண்டு பேடுகளுக்கு நடுவே டிராக் நுழைக்காதீர்கள். 1.37 மி.மீ.-இல் 0.3 மி.மீ. டிராக் போனால் இருபுறமும் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் மிஞ்சும், கேத்தோடுக்கான 0.6 கூட வராது. வட்டத்திலிருந்து வெளிப்பக்கமாகவே விரித்துக் கொண்டுபோங்கள்.

சால்டர் மாஸ்க் மூடிய டிராக்குகளுக்குத் தரம் 0.4 மி.மீ. வரை இறங்கிவருகிறது. உலர்ந்த ஊரில் இருப்பவர்கள் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கொல்கத்தாவில் ஜூனில் மழை இறங்கிய பிறகு, ஜூலை ஆகஸ்ட் முழுக்க காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்பது சாதாரணம். தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கும் ஊரில், துடைக்காமல் விட்ட பிளக்ஸ் ஈரத்தை இழுத்துக்கொண்டு மெல்லிய கடத்தியாகிவிடும். 70 வோல்ட்டுக்கு 10 மெகா ஓம் கசிவு என்றால் 7 மைக்ரோ ஆம்பியர். போர்டு கருகாது. ஆனால் எரிகிற எண்ணின் பக்கத்தில் வேறொரு எண்ணின் விளிம்பில் மங்கலாகப் புகைபோல ஒளி தெரியும். டிரைவர் ஐசி போய்விட்டது என்று நினைத்து மாற்றிக்கொண்டிருப்பார்கள். முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் எடுத்துக் குழாயின் அடியைக் கழுவி, ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் காயவைத்துப் பாருங்கள். புகை போய்விட்டால் விஷயம் ஈரம்தான்.

இதனால் இங்கே என் விதி, பேடு இருக்கும் இடத்தில் பூச்சில்லாத கணக்கையே எடுப்பது. இடம் பற்றவில்லையென்றால் ஆனோடுக்கும் பக்கத்துக் காலுக்கும் நடுவே போர்டிலேயே 1 மி.மீ. அகல வெட்டுத் துளை ஒன்று கேட்கலாம். ஈரம் தவழ வேண்டிய பாதை நீளும். எல்லாம் கழுவிக் காய்ந்தபின் அக்ரிலிக் பூச்சு அடிப்பதும் நல்லது, சாக்கெட் துளைகளை மட்டும் டேப்பால் மூடிக்கொண்டு. வீட்டிலேயே அரிக்கிறவர்கள் பழுப்பு நிறக் காகித பினாலிக் போர்டைத் தவிருங்கள். விலை குறைவு, துளையிடுவதும் சுலபம், ஆனால் தண்ணீரை உறிஞ்சும். கண்ணாடி இழைப் போர்டே எடுங்கள். கையால் துளையிடும்போது பிட் நகரும் என்பதால் பேடு 2 மி.மீ.-க்குக் குறைய வேண்டாம். அப்போது இடைவெளி போதாமல் போனால் ஆனோடின் பக்கத்துப் பேடுகளைக் கத்தியால் ஓரம் சீவிவிடலாம், அசிங்கமாக இருந்தாலும் வேலை செய்யும்.

ஆனோடு ரெசிஸ்டரின் இடத்தையும் ஃபுட்பிரிண்ட்டோடு சேர்த்தே யோசியுங்கள். சப்ளை 180, எரியும்போது குழாயில் விழுவது சுமார் 140, ஓட்டம் 2.5 மில்லி ஆம்பியர் என்றால் மிச்சம் 40 வோல்ட், ரெசிஸ்டர் 16 கிலோ ஓம். அதை ஆனோடு பின்னை ஒட்டியே வையுங்கள். ரெசிஸ்டருக்கும் குழாய்க்கும் நடுவே நீண்ட டிராக் இருந்தால் அதன் கொள்ளளவு சேர்ந்துகொள்ளும். நியான் விளக்கையும் கண்டென்சரையும் வைத்து அலையெழுப்பியாகப் பியர்சனும் ஆன்சனும் 1922-லேயே காட்டிய சுற்று அதுதான். நமக்கு அது தேவையில்லை.

டிரைவர் ஐசி

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு விஷயங்களைத் தவிர. 74141-இன் சோவியத் பிரதியான கே155ஐடி1-இல் 5 வோல்ட் சப்ளை 5-ஆம் காலில், கிரவுண்டு 12-இல். பழக்க தோஷத்தில் 16-க்கும் 8-க்கும் இணைத்துவிடுகிறவர்கள் நிறைய. அந்த இரண்டும் 0-வும் 2-வும் போகும் கால்கள். அடுத்து, சோவியத் ஐசிகளின் கால் இடைவெளி 2.54 அல்ல, 2.5 மி.மீ. 16 கால் ஐசியில் ஒரு வரிசைக்கு ஏழு இடைவெளிகள், கடைசிக் காலில் மொத்த வித்தியாசம் 0.28 மி.மீ. வழக்கமான டிஐபி-16 துளைகளில் கொஞ்சம் அழுத்தினால் உட்கார்ந்துவிடும். புதிதாக எதுவும் வரைய வேண்டாம்.

ஐசியின் வெளியீடுகள் 8, 9, பிறகு 2, 3, 7, 6 என்று குதித்துக் குதித்து வரும், குழாயின் எண்களோ வரிசையாக இருக்கும். நேராக இணைக்கப் பார்த்தால் டிராக்குகள் பின்னிக்கொள்ளும். உள்ளீட்டை மைக்ரோகன்ட்ரோலர் தருகிறது என்றால் எந்த வெளியீட்டை எந்தக் கேத்தோடுக்கு இழுப்பது சுலபமோ அப்படி இழுத்துவிட்டு, நிரலில் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். 7490 போன்ற கவுன்டர் ஐசி நேரடியாக ஓட்டும் பழைய பாணிச் சுற்றில் இந்தச் சலுகை கிடையாது.

தாளில் குத்திப் பார்ப்பது

போர்டுக்கு ஆர்டர் போகுமுன் ஃபுட்பிரிண்ட்டை ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்சிடுங்கள். பிரிண்டர் அமைப்பில் பக்கத்துக்குப் பொருத்து என்ற தேர்வு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கூடவே 100 மி.மீ. கோடு ஒன்றையும் அச்சிட்டு ஸ்கேலால் அளந்து பார்த்தால் அளவு பிசகவில்லை என்று தெரிந்துவிடும். தாளை தெர்மோகோலின் மேல் ஒட்டி, ஊசியால் துளையிட்டு, குழாயை மெதுவாக இறக்குங்கள். கால் எதுவும் வளையாமல் இறங்க வேண்டும். அடியில் கண்ணாடி மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் குழாயாக இருந்தால் நடுவில் அதற்கும் ஒரு துளை வேண்டும் என்பது இங்கேதான் கண்ணில் படும். அந்தத் துளைக்குக் கீழே நீல எல்இடி வைத்துக் குழாயை ஒளிர வைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஆரஞ்சு ஒளிக்காகவே இத்தனை பாடுபட்டபின் அதன்மேல் நீலத்தைக் கொட்டுவது எனக்குப் பிடிக்காது. உங்கள் கடிகாரம், உங்கள் இஷ்டம்.

ஐஎன்-14-ஐ நிஜப் போர்டில் இறக்கும்போது 13 கம்பிகளையும் ஒரே நேரத்தில் துளைகளில் நுழைக்க முயன்றால் பொறுமை போய்விடும். ஆனோடிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கம்பியையும் முந்தையதைவிட 2 மி.மீ. குறைவாக, படிக்கட்டுபோல வெட்டிக்கொள்ளுங்கள். நீளமானது முதலில் நுழையும், மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடரும். கடைசிக் கம்பியும் போர்டைத் தாண்டி வரும் நீளம் இருக்கிறதா என்று வெட்டுமுன் பாருங்கள். ஐஎன்-12-க்குத் தனித்தனிப் பின் சாக்கெட்டுகள் போடுவதானால், அவற்றை முதலில் குழாயின் பின்களில் மாட்டி, குழாயோடு சேர்த்துப் போர்டில் இறக்கி, அதன்பின் சால்டர் செய்யுங்கள். சாக்கெட்டுகள் தாமாகவே நேராக நின்றுகொள்ளும். ஒரு பின்னுக்கு இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சூடு வேண்டாம். சால்டர் அதிகமானால் சாக்கெட்டுக்குள் ஏறிப் பின்னைப் பிடித்துக்கொள்ளும், பிறகு குழாயைக் கழற்றவே முடியாது.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது குழாய் இல்லாமல் சப்ளையை மட்டும் அளந்து 180-ஐத் தாண்டவில்லை என்று பாருங்கள். கழற்ற முடியாத ஐஎன்-14-ஆனால் இந்த அளவைக் குழாயைச் சால்டர் செய்யுமுன்பே முடித்துவிடுங்கள். அணைத்ததும் உடனே கை வைக்காதீர்கள், கண்டென்சரில் மிச்சம் இருக்கும். 4.7 மைக்ரோ ஃபாரடுக்கு 1 மெகா ஓம் வடிகால் ரெசிஸ்டர் போட்டிருந்தால் 30 விநாடி காத்திருந்து, மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். பிறகு குழாயைப் பொருத்தி, ஓர் எண்ணை மட்டும் எரியவிட்டு, ஆனோடு ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே அளங்கள். 40 வோல்ட்டை ஒட்டி வந்தால் ஓட்டம் 2.5 மில்லி ஆம்பியர், அப்படியே விடலாம். 60 காட்டினால் 3.75 ஆகிறது, 22 அல்லது 24 கிலோ ஓம் மாற்றுங்கள். 20-க்குக் கீழே வந்து எண்ணின் ஒரு மூலை எரியாமல் நின்றால் சப்ளை எண்ணின் சுமையில் இறங்குகிறது என்று பொருள்; ஃபுட்பிரிண்ட்டை விட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்தில் வரும் பூஸ்ட் சுற்றைப் பார்க்க வேண்டும்.